ஆறட்டும்

உலான்பாதரில் மைனஸ் முப்பத்து நான்கு.
லாரிகள் நிற்கும் திடலின் ஓரம்
பழைய சரக்குப் பெட்டகம் ஒன்றுதான் எங்கள் பேட்டரிக் கடை.
கரி அடுப்பு விடியலிலேயே அணைந்துபோனது.
ஹொர்லோவுக்கும் எனக்கும் பேச்சு நின்று
இன்றோடு ஒன்பது நாள்.

மூன்று லாரி பேட்டரிகளைக் கடனாய்த் தூக்கிக் கொடுத்துவிட்டாள்
எல்லைக்குப் போகும் ஒரு வண்டிக்காரனுக்கு.
போனவன் போனவன்தான்.

பேசாவிட்டாலும் திராவகம் கலக்க
இரண்டு ஆள் வேண்டும்.
வாளியில் முதலில் தண்ணீர்.
அதன்மேல்தான் அமிலம், நூல் பிடித்த மாதிரி.
மாற்றி ஊற்றினால் என்ன ஆகுமென்று
அவள் இடது மணிக்கட்டுத் தழும்பு சொல்லும்.

நான் சாய்க்கிறேன்.
எண்ணெய்போல் கனத்து, சத்தமின்றி இறங்குகிறது.
அவள் கண்ணாடிக் கோலால் கிண்டுகிறாள்.

தீ இல்லை, திரி இல்லை,
வாளி மட்டும் சுடுகிறது.

கைகோத்து நிற்கிற தண்ணீரைப் பிரிக்கக்
கொஞ்சம் செலவாகும்.
அமிலம் தன் ஹைட்ரஜனைக் கைவிடவும்
கொஞ்சம் செலவாகும்.
விட்டதைத் தண்ணீர் எட்டிப் பிடிக்கும் பிடி இருக்கிறதே,
அது உடும்புப் பிடி.
செலவையெல்லாம் அடைத்த பிறகும்
கையில் மிஞ்சுகிற சில்லறை
இந்தச் சூடு.

எல்லாக் கலப்பும் இப்படி இல்லை.
போன கோடையில் பெட்ரோலில் ஸ்பிரிட் ஊற்றினேன்,
கேன் சில்லிட்டது.
பழைய பிடி விட்டுப்போயிற்று, புதுப்பிடி வாய்க்கவில்லை.
கைக்காசு போட்டுக் கலந்த கணக்கு அது.

"மெதுவா."

ஒன்பது நாளில் அவள் சொன்ன முதல் சொல்.
எனக்கா, அமிலத்துக்கா, தெரியவில்லை.
ஆனாலும் சாய்வைக் குறைத்தேன்.

ஜாடி காலியானது.
கையுறையோடு வாளியின் வயிற்றைத் தொட்டாள்.
எதிர்ப்பக்கம் நானும்.
விரல்கள் உருகி வலித்தன,
உறைந்த விரலுக்கு உயிர் வரும்போது வலிக்குமே, அப்படி.

வெளியே எவனோ ஹாரன் அடித்தான்.
கடன்காரன் இல்லை, அவன் ஹாரன் எனக்குத் தெரியும்.
பேட்டரி கேட்டு வந்த வேறொருவன்.

சூட்டோடு ஊற்றினால் ஈயத் தகடு வளைந்துவிடும்.
"ஒரு மணி நேரம் ஆகும்" என்று
கதவிடுக்கில் கத்தினாள்.
பிறகு என்னைப் பார்க்காமல்,
"ஆறட்டும்."

சரி என்றேன்.
தேநீர் ஃபிளாஸ்கில் இருந்தது,
ஆறிப்போய்.