நிறம்

பெயர் நொவாகா. எங்கள் மோரே மொழியில் கோழி.
கோழிக்கு முந்தி எழுகிறேன் என்பதைத் தவிர
பெயருக்கு நான் வேறெதுவும் செய்ததில்லை.

கையில் மூடி தொலைந்த கண்ணாடிப் புட்டி.
கரையின் பின்புறம் இறங்கி, அடிவாரக் கற்களுக்கிடையே
கசிகிற நீரைப் பிடித்து
கிழக்கே தூக்கிப் பார்ப்பது என் உத்தியோகம்.
மண் கரை; வியர்க்கத்தான் செய்யும்.
கசிந்தால் பயப்படாதே,
கலங்கினால் பயப்படு என்றார்
வாகாடூகூவிலிருந்து வந்த பொறியாளர்.
மதிய உணவுக்கு முன் கிளம்பியும் போனார்.

பதினோரு வருஷம்
புட்டிக்குள் சூரியன் அழுக்குப்படாமல் வந்தது.

ஹர்மத்தான் புழுதி வீசிய ஒரு காலை
தேநீர் நிறம்.
காற்றைத் திட்டினேன். புட்டியைக் கழுவினேன்.
மறுபடி பிடித்தேன்.
மறுபடி.
அடியில் ஒரு சிட்டிகை மண் படிந்தது.
யாருக்கும் சொல்லாமல்
கரை தன்னை வெளியே கடத்திக்கொண்டிருந்தது.

மதகைத் திறந்து ஒன்றரை மீட்டர் இறக்க வேண்டும்.
போக்கோ வந்து சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்தாள்.
"வெங்காயம் இப்போதுதான் திரள்கிறது.
இன்னும் ஐந்து தண்ணீர்."
"குழாயில் நாலு ஊர் குடிக்கிறது."
"என் கடனை நாலு ஊரா கட்டும்?"

பதில் இல்லை. புட்டியை நீட்டினேன்.
குலுக்கினாள். கவிழ்த்தாள்.
அடியில் ஒட்டியதை விரலால் வழித்து
நாக்கில் வைத்தாள்.
வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை.
எதிர்க்கரையில் முதலை ஒன்று வாய் பிளந்து வெயில் காய்ந்தது.

"களிக்குழி மண்," என்றாள்.
"கரையின் நடுவயிற்றுக்கென்று
கூடை கூடையாக என் தலையில் சுமந்தது.
வயிற்றில் இவனும் இருந்தான் அப்போது."
இவன் என்று காட்டிய பையன்
கழுதை வண்டியைப் பூட்டப் போய்விட்டிருந்தான்.

சக்கரத்தை இருவரும் சுற்றினோம்.
துரு அலறியது.
ஓடையில் தண்ணீர் யாருக்கும் இல்லாமல் ஓடியது.

கரையின் தோளில் கறையான் புற்று;
முழங்கை வரை நுழைந்தது.
தோண்டி, களிமண் திணித்து, மிதித்து, மிதித்து,
அடிவாரத்தில் மணலும் சரளையும் கொட்டி
ஆறாம் நாள் தெளிந்தது.

பாதி வெங்காயம் கோலிக்குண்டளவில் நின்றது.
சந்தையில் அதற்கு விலை இல்லை.
கடன்காரன் இருமுறை வந்து போனான்.

போக்கோ எனக்கு வணக்கம் சொல்வதில்லை.
விடியலில் நான் புட்டியைத் தூக்கும்போது மட்டும்
வரப்பிலிருந்து குரல் வரும்:
"என்ன நிறம்?"

"நிறமில்லை," என்பேன்.
மண்வெட்டிச் சத்தம் தொடரும்.