வழியோரம்

தண்டவாளத்துக்கு இருபுறமும்
மஞ்சள் மஞ்சளாய்க் குருதிப்புல் பூத்திருந்தது.
கூடையோடு குனிந்தவளைக்
குந்தார்ஸ் கைதட்டி நிறுத்தினான்.
"போன செவ்வாய்தான் களைக்கொல்லி அடித்தோம்.
நானேதான் அடித்தேன். தொடாதே."
சொன்னவன் கையைப் பார்த்தேன்,
சரக்குப்பெட்டியின் பழைய பெயின்ட் போல உரிந்திருந்தது.
என் கையை அவன் பார்க்காதபடி
கூடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.
குல்பெனெ ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஒன்பது வருஷம்:
அடுத்தவர் இரத்தம் துணியிலிருந்து போகப் போக
என் விரலிடுக்கில் இரத்தம் வரும்.

கல்லறைத் தோட்டத்தில் பறிக்கக் கூடாது என்பார்கள்.
பழைய விமானத்தளத்தில் மண்ணே மண்ணெண்ணெய் நாறும்.
மிச்சம் வெல்த்தாவின் புல்வெளி.
அவளும் மகனும் அயர்லாந்துக்குக்
காளான் பறிக்கப் போய் ஏழு கோடை.
அறுக்க ஆளில்லை,
அதனால் பூக்கிறது.
வேலி விழுந்த இடத்தில்தான் நுழைந்தேன்,
ஆனாலும் திருடி மாதிரி நடந்தேன்.
அங்கே யாருடைய கொட்டகையிலோ அவர்கள் குனிந்திருக்க
இங்கே அவர்கள் நிலத்தில் நான்.

முதல் ஜாடி வீண்.
ஊரே மூலிகை பறிக்கும் நாள் அது,
இருட்டு வந்ததும் போனதும் தெரியாத இரவு.
பனியோடு பறித்துப் பனியோடு எண்ணெயில் போட்டுவிட்டேன்.
மூன்றாம் வாரம் மூடியைத் திறந்தால்
சாம்பல் நிறத்தில் பூனைக்குட்டி ரோமம்.
அவசரத்துக்கும் ஈரம் உண்டென்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுமுறை நண்பகலுக்குக் காத்திருந்தேன்.
மொட்டை நசுக்கினால் நகக்கண் சிவந்து ஊதாவாகும்.
ஆனால் அது குருதிப்புல்,
ஆகாவிட்டால் வெறும் மஞ்சள்.
ஓர் இரவு செய்தித்தாளில் வாட விட்டேன்.
தேர்தல் முடிவுகளின் மேல்
வண்டுகள் இறங்கி நடந்தன.
கூடவே ஒரு பிடி வழியோர இலை.
எங்கள் மொழியில் அதற்கு அதுதான் பெயர்,
மிதிபடும் இடத்திலேயே முளைப்பது.

சூரியகாந்தி எண்ணெய். தெற்கு ஜன்னல்.
வேலைக்குப் போகுமுன் தினமும் ஒரு குலுக்கு.
பத்தாம் நாள் தேநீர்,
முப்பதாம் நாள் செங்கல்,
நாற்பதாம் நாள் தூக்கிப் பிடித்தால்
வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கும் பிள்ளையின் காதுமடல்.

கிழிந்த காலுறையில் வடிகட்டினேன்.
தேன்மெழுகு உருகியதும் சமையலறை
தேவாலயம் மாதிரி மணத்தது.
குளிர்ந்த கரண்டியில் ஒரு சொட்டு:
ஓடுகிறது. இன்னும் கொஞ்சம் மெழுகு.
இன்னொரு சொட்டு:
நகம் பதிந்தது, போதும்.
ஊற்றி வைக்க இருந்தவை மீன் டப்பாக்கள்.
எத்தனை கழுவியும் புகைவாசம் போகவில்லை.
குந்தார்ஸுக்கு ஒன்று கொடுத்தேன்.
வாரம் கழித்துச் சொன்னான்: "கை தேவலை.
ஸ்டேஷன் பூனைகள்தான் பின்னாலேயே வருகின்றன."

ஆகஸ்டில் ராய்விஸ் வந்தான்.
நிலத்தை விற்கப் போகிறானாம்.
வாங்குகிறவர் கண்ணுக்கு வெளி வெளியாக இருக்க வேண்டுமாம்.
வாடகை இயந்திரம் இரண்டு நாள் உறுமியது.
அது எட்டாத ஓரங்களை அரிவாளால் தீர்த்தான்.
மூன்றாம் நாள் என் கதவைத் தட்டினான்,
உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம்.
"வீட்டில் ஏதாவது இருக்கிறதா?"

இருந்தது.
தடவிக்கொண்டு முகர்ந்து பார்த்தான்.
"எங்கே பறித்தாய்?"
"வழியோரம்," என்றேன்.
ஜன்னலுக்கு வெளியே அவன் அறுத்த புல்
வரிசை வரிசையாய் வெளுத்துக்கொண்டிருந்தது.

வெல்த்தாவை விசாரித்தேன்.
"அம்மாவுக்கு விரல் மடங்குவதில்லை," என்றான்,
"காளான் கொட்டகைக் குளிர்."
இன்னொரு டப்பாவைக் காகிதத்தில் சுற்றினேன்.
பூசிக்கொண்டு வெயிலில் போகாதே என்று
மேலே எழுதினேன்.

அவன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான்.
அங்கே வெயிலே இல்லை என்றான்.