தடைக்காலம்

ஏப்ரல் பதினைந்துக்கு
விசைப்படகெல்லாம் கரைக்கு வந்துவிடும்.
அறுபத்தொரு நாள்.
மண்டபம் வடக்குக் கடற்கரையில்
டீசல் வாடை அடங்கித் தார் வாடை எழும்பும்.
என் தேதியையும் அதற்குள்தான் வாங்குவேன்.
டாக்டரம்மா சிரிப்பார்:
"மீனுக்கு லீவு, உங்களுக்கு டெஸ்ட்டா?"

பதினோரு வருஷத்துக்கு முன்னால்
வலை கிடந்த ஒரு ராத்திரி
முதல் ரத்தம் பார்த்தேன்.
படகில் கக்கூஸ் கிடையாது.
பின்னணியத்தில் கயிற்றைப் பிடித்துக் குந்தினால்
நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.
அதுதான் கதவு.
அன்றைக்குப் பதினெட்டுத் தடவை
திரும்பிக்கொண்டார்கள்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மூலம் என்று நானே முடிவுகட்டி
ஒன்றரை வருஷம் துத்திக்கீரை தின்றேன்.
மூலமில்லை.
பெருங்குடல் முழுக்கப் புண்.

மாத்திரைக்கு அடங்கியது.
நாலு வருஷமாக ரத்தமில்லை, கடுப்பில்லை,
நண்டுக் குழம்புகூட ஒத்துக்கொள்கிறது.
"நல்லாத்தானே இருக்கீக,
பெறகு எதுக்குக் குழாய் விட்டுப் பாக்கணும்?"
நம்புசெல்வி கேட்டாள்.
நானும் அதைத்தான் கேட்டிருந்தேன்.

மருந்துச் சீட்டின் முதுகில்
டாக்டரம்மா வரைந்த குடல் இன்னும் இருக்கிறது,
கவிழ்த்துப்போட்ட கேள்விக்குறி மாதிரி.
புண் ஆறி, மறுபடி புண்ணாகி, மறுபடி ஆறி
எட்டு வருஷம் தாண்டினால்
எங்கேயாவது ஒரு மூலையில்
செல்கள் முறைமாறத் தொடங்கலாம்.
எல்லாருக்கும் இல்லை.
தொடங்கினால் வலிக்காது.
வலிக்கிறபோது நேரமாகியிருக்கும்.

சந்தியாப்பிச்சை ஓடாவி
சுத்தியலோடு படகுக்கு அடியில் படுத்திருக்கிறார்.
ஏராவில் தட்டுகிறார்: ணங், ணங், ணங்.
பெயிண்ட் பளபளவென்று இருக்கிற இடத்தில்
தொப் என்கிறது.
உளியை வைத்தால் உள்ளே மரப்புழு.
இதைச் சொன்னால் நம்புசெல்விக்குக் கோபம்.
படகு போனால் இன்னொன்று வாங்கலாம் என்பாள்.
வாங்க முடியாது, அதுவும் அவளுக்குத் தெரியும்.

மூன்று நாள் கீரை கிடையாது, தக்காளி விதை கிடையாது.
கடைசி ராத்திரி பொடி கரைத்த ரெண்டு லிட்டர்,
கடல்தண்ணியில் எலுமிச்சை பிழிந்த ருசி.
மகன் வாசலில் உட்கார்ந்து
எத்தனாவது என்று எண்ணினான்.
பன்னிரண்டில் தூங்கிப்போனான்.
விடியும்போது
இளநீர் மாதிரி தெளிந்திருந்தேன்.

ராமநாதபுரம் பஸ்ஸில்
டிரைவருக்குப் பின் சீட்டைக் கேட்டு வாங்கினேன்.
எதற்கென்று கண்டக்டர் கேட்கவில்லை.
உச்சிப்புளி வந்தது. நல்லவேளை, கடந்தது.

பாதி மயக்கத்தில் திரை தெரிந்தது.
சிப்பிக்கு உட்புறம் மாதிரி வெளிர்சிவப்பு.
மேடு பள்ளம் தெரியட்டும் என்று
ஏதோ சாயம் தெளித்தார்கள்.
நீலம்.
எனக்குள்ளும் அதே நிறமா என்று
உளறினேனாம், நர்ஸ் பிறகு சொன்னார்.
அங்கங்கே கிள்ளி எடுத்தார்கள்.
ஓரிடத்தில் மட்டும்
கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார்கள்.

ரிசல்ட் ஒன்பது நாளில் வரும்.
இன்று நாலாம் நாள்.
பயமில்லை என்று எழுதினால் பொய்.
ஆனால் அந்த ஓரிடத்தை
யாரோ பார்த்துவிட்டார்கள்.

தங்கச்சிமடம் டிக்சனுக்கும் இதே நோய்.
எனக்கு ரெண்டு வருஷம் மூத்தது அவனுடையது.
சுகமாயிருச்சு என்று
மாத்திரையை நிறுத்தி எத்தனையோ மாசம்.
நாட்டுப்படகுக்குத் தடை இல்லை,
அதைச் சொல்லியே தப்பிக்கிறான்.
காலையிலிருந்து மூணு தடவை கூப்பிட்டேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே.

சாயங்காலம் கரையேறியதும் சொல்லணும்:
வியாழக்கிழமை என்கூட வா.
கதவுப் பக்கம் சீட்டு பிடித்துத் தருகிறேன்.
நடுவழியில் இறங்கணும் என்றால்
இறங்குவோம், அடுத்த பஸ் வரும்.
உடைமரத்துக்கு அந்தப் பக்கம் நீ போ,
நான் ரோட்டைப் பார்த்து
திரும்பி நின்றுகொள்கிறேன்.