நூற்றுப் பதினேழு

கொள்கலன் திறந்ததும்
முதலில் வருவது மண் வாசம்.
ஒகாரா மண் என்பான் இம்தாத் லோதி,
ஏதோ தானே உழுதவன் மாதிரி.
மூட்டைக்குள் கைவிட்டு ஒரு கிழங்கை எடுப்பான்.
மற்றவர்கள் நகத்தால் தோலைச் சுரண்டிப் பார்ப்பார்கள்.
அவன் மட்டும்
ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அகட்டி வைத்து
இல்லாத தையலைத் தேடுவான்.

நாலாம் குறுக்குத் தெருவில்
நாட்டாமைமாருக்கு அவன் வெறும் கிழங்கு பாய்.
எனக்குத் தெரியும்.
தொண்ணூற்றெட்டில்
கொலன்னாவைப் பக்கத்துக் கழகமொன்றுக்கு
சம்பளத்துக்கு ஓஃப் ஸ்பின் போட வந்தவன்.
நான் அங்கே ஓட்டக்கணக்கு எழுதப் போனவன்,
நாளுக்கு முன்னூறு ரூபாயும் ஒரு சோற்றுப் பார்சலும்.

ஊரில் ஒரு வங்கிக்கு விளையாடினானாம்.
பெரிய மைதானம், பார்க்க ஒன்பது பேர்,
அதில் இருவர் நிழலுக்கு வந்தவர்கள்.
பருவம் முடிந்தால் கவுண்டரில் உட்கார்ந்து
விதவைகளுக்குப் பென்சன் எண்ணிக் கொடுக்கவேண்டும்,
சுழற்றித் தேய்ந்த அதே விரலில் எச்சில் தொட்டு.
இரண்டு முறை
தேசிய அணியின் கோட்டுக்கு அளவெடுத்தார்கள்.
தோள் பதினெட்டரை, கை இருபத்தைந்து.
இரண்டு முறையும்
கோட்டு வேறு யாருக்கோ சரியாக இருந்தது.

பிறகொரு வெள்ளிக்கிழமை வங்கி அணியைக் கலைத்தது.
கடிதத்தில் அவன் பெயரில் ஓர் எழுத்துக் குறைவு.

கொழும்பு கொடுத்தது
ஒரு பருவம், பதினொரு ஆட்டம்,
பாதியை மழை தின்றது.
நனைந்த விரிப்பின் ஓரத்தில் குந்தியிருந்து
என்னிடம் தமிழில் எண்ணப் பழகினான்.
ஒண்டு, ரெண்டு, மூண்டு.
பத்தோடு நிறுத்திவிட்டான்.
பத்து விக்கெட்டுக்கு மேல் யாரிடம் இருக்கு என்பான்.

இனி நான் சொல்லவேண்டியது.

மாசி, மூன்றாம் நாள், தேநீருக்குப் பின்.
முதலில் என் கொப்பியில் தமிழில் குறித்து
பிறகு பெரிய ஏட்டில் ஏற்றுவது வழக்கம்.
லோ என்றால் லோதி.
லொ என்றால் மறுமுனையில் போட்ட லொக்குகே.
மழை பக்கவாட்டில் அடித்துக் கூடாரத்துக்குள் வந்தது.
கொம்பின் ஒரு சுழி கரைந்து போனது.
ஐந்தாவதாக விழுந்த விக்கெட்டை
லொக்குகேயின் வரிசையில் ஏற்றினேன்.
இரவு பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது,
மருதானைச் சந்தியில்.
திங்கட்கிழமை சொல்லலாம் என்றிருந்தேன்.
திங்கட்கிழமை ஏடு போய்விட்டது.

அதனால் அவன் நாற்பத்தொரு முதல்தர ஆட்டத்தில்
நூற்றுப் பதினேழு.
எங்கே தேடினாலும் நூற்றுப் பதினேழு.
இப்போது கிழங்கு விற்க வருடத்துக்கு நாலு தடவை வருகிறான்,
நான் பில் போடுகிறேன்,
இத்தனை வருடம் அந்த ஒன்று
எங்கள் இருவருக்கும் நடுவில்
தராசுத் தட்டில் ஒட்டிய மண்போல.

போன செவ்வாய் கரண்ட் போனது.
மின்தராசு அணைந்து, வேலை நின்று,
இருட்டில் பிளேன்டீ குடிக்கையில் சொல்லிவிட்டேன்.

அவன் எண்ணைப் பற்றிக் கேட்கவில்லை.
எந்த விக்கெட் என்றான்.
இடக்கை ஆட்டக்காரன், ஷோர்ட் லெக்கில் பிடி.
கொஞ்ச நேரம் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.
"அந்தப் பந்து திரும்பவே இல்லை," என்றான்.
"திரும்பும் என்று அவன் நம்பினான்."

லொக்குகே எங்கே என்று கேட்டான்.
இத்தாலியில் என்று கேள்வி.
"வைத்திருக்கட்டும்."

கரண்ட் வந்தது.
தராசில் பச்சை எண்கள் துடித்து
பூச்சியத்துக்கு வந்து நின்றன.
எழும்பிக் கையைத் தட்டிக்கொண்டு சொன்னான்:
"அப்ப கிலோவுக்கு ரெண்டு ரூபா கூட்டிப் போடு."

முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை.
ஒரு ரூபாயில் முடிந்தது,
அதுவும் சிவப்புக் கிழங்குக்கு மட்டும்.