வரியின் வால்

இல்க்வார்ஸ் வென்ட்ஸ்பில்ஸுக்கு மாற்றலாகிப் போனபோது
எனக்கு விட்டுப்போனவை
கை உடைந்த நாற்காலி ஒன்று,
அளவு நாடா,
நாலு இருமல் மிட்டாய்,
ஒரு டெக்ஸ்ட் ஃபைல்.

நிறமில்லை, கட்டமில்லை, நினைவூட்டும் மணியில்லை.
வரிக்கொரு வேலை.
முடிந்ததென்றால் முன்னால் ஒரு பெருக்கல் குறி.
வரியின் வாலில் மட்டும்
கோண அடைப்புக்குள்
எண்ணும் எழுத்தும் கண்ணைக் கட்டிக்கொண்டு
ஓடி மோதியதுபோல் ஒரு நீளம்.

புரிய ஒரு வாரம் ஆயிற்று.
ஒவ்வொரு மின்னஞ்சலும் பிறக்கும்போதே
கூடப் பிறக்கும் பெயராம் அது.
எந்தப் பெட்டிக்கு மாற்றினாலும் மாறாதாம்.
தொட்டால்
பதினோராயிரம் அஞ்சல்களின் குவியலை விட்டுவிட்டு
அந்த ஒன்று மட்டும்
எழுந்து வந்து நிற்கும்.

'மூன்றாம் கிரேன், வடக்கு பேரிங்.'
தொட்டேன்.
க்ளைபெடாக்காரன் விலைகூறிய கடிதம்,
அவன் எழுத்துப்பிழைகளோடு.
'பனி அள்ளும் வண்டி யார் கணக்கு?'
தொட்டேன்.
நகராட்சியின் மூன்று பக்க மழுப்பல்.
சிலது திறக்கவில்லை.
யாரோ அழித்திருக்கிறார்கள்.
கதவு எண் இருக்கிறது, வீடு இல்லை.

வெளியே லியெபாயாவின் காற்று
தகரங்களைப் பெயர்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

கடைசி வரி:
'இங்குனாவுக்குப் பதில். இன்று வேண்டாம்.'
இங்குனா நான்தான்.

தொட்டேன்.
திறந்தது என் பெட்டி.
நான் அனுப்பியது,
நாலு வருடம் முந்தைய மார்ச், ஒரு செவ்வாய்.
தலைப்பு: கேன்டீன் சாவி.
சாவி காவலாளியிடம் இருக்கிறது என்று எழுதி
இரண்டு வரி இடம் விட்டு, அடியில்,
'கோபமா?'

இரும்புவடத்தை அவன் சோதிக்காமல் கையெழுத்திட்டதை
மேலே சொன்னவள் நான்.
எதிர் மேசை. மூன்று மீட்டர்.
அந்தச் சொல்லை அவன் பார்க்கவே இல்லை என்று
நாலு வருடமாக எனக்கு நானே சொல்லிவந்தேன்.
சாவியைப் படித்ததும் மூடியிருப்பான், அவ்வளவுதான்.

பழைய பிரதிகளும் அதே அடைவில் இருந்தன,
தேதிவாரியாக.
தினமும் காலையில் அந்த வரியை
அடுத்த நாளின் அடிக்கு நகர்த்தியிருக்கிறான்.
விடுமுறையில் இருந்த நாட்கள் தவிர.
ஒருமுறை 'இன்று வேண்டாம்' என்பதை எடுத்திருக்கிறான்.
மறுநாள் திரும்பப் போட்டிருக்கிறான்.

பெருக்கல் குறி போட்டுப் பார்த்தேன்.
சேமிக்கவா என்றது.
வேண்டாம் என்றேன்.

வென்ட்ஸ்பில்ஸ் எண்ணைச் சுழற்றினேன்.
இரண்டாம் மணிக்கே எடுத்தான்.
வடக்கு பேரிங் வந்துவிட்டதா என்றான்.
வந்துவிட்டது, அரை மில்லிமீட்டர் பெரிது என்றேன்.
க்ளைபெடாக்காரனைத் திட்டினான்.
நானும் சேர்ந்து திட்டினேன்.
வைக்கும்முன்
ஃபைல் திறக்கிறதா என்று கேட்டான்.
திறக்கிறது என்றேன்.
எல்லா வரியுமா?
அங்கேயும் காற்றுதான் போல,
கொஞ்ச நேரம் அதுவே கேட்டது.