தமிழ்ச் சுருக்கம்

கழுத்து நரம்பில் ஊசி இறங்கும்போது
குதிரை அசையவில்லை.
தேசப்பன்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்,
கலங்கரை விளக்கத்தைப் பார்ப்பதுபோல.

ஊதா மூடிக் குழாய். ஐந்து மில்லி.
"சவாரிக்கு நூறு ரூபா. ரத்தத்துக்கு என்னா ரேட்டு?"
சிரித்தார். நானும்.

கிண்டியில் அதற்கு வேறு பெயர்,
பந்தயப் புத்தகத்தில் அச்சேறிய நீளமான ஒன்று.
முன்னங்கால் வீங்கியதும் பெயரும் போயிற்று.
மெரினாவில் அது செல்லக்கிளி,
நெற்றிப் பட்டையில் பிளாஸ்டிக் சாமந்தி.

வேப்பேரிக்கு ஷேர் ஆட்டோ. மடியில் ஐஸ் பெட்டி.
பக்கத்து அம்மாள் கேட்டார், "மீனா?"
"குதிரை" என்றேன்.
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

நான் தேடுவது குதிரையை அல்ல,
குதிரைக்குள் குதிரையாகிவிட்ட ஒன்றை.

சேணமும் பந்தயமும் பிறக்காத காலத்தில்
ஏதோ ஒரு புல்வெளியில்
ஒரு குதிரைக்குக் காய்ச்சல் கண்டிருக்கும்.
வந்த கிருமியிடம் ஒரு துண்டு ஆர்.என்.ஏ.
தலைகீழாக எழுதத் தெரியும் அதற்கு,
நகலிலிருந்து மூலத்தை.
பத்திரப்பதிவு அலுவலகத்தில் இதற்கு
ஜெயில் உண்டு.

எழுதியதை எடுத்துக்கொண்டு உட்கருவுக்குள் போய்
இரண்டு இழைகளையும் சற்று ஏறுக்குமாறாக வெட்டி
நடுவில் தன்னை வைத்துத் தைத்துக்கொள்ளும்.
தையலின் இந்தப் பக்கம் ஆறு எழுத்து,
அந்தப் பக்கமும் அதே ஆறு எழுத்து.
அந்தத் திக்குவாய்தான் எனக்குத் தடயம்.

தோலில் தைத்திருந்தால் அந்தக் குதிரையோடு முடிந்திருக்கும்.
விந்திலோ முட்டையிலோ தைத்துவிட்டது.
குட்டி பிறந்தது.
குளம்பில், இமைமயிரில், ஈரலில்,
எங்கே தொட்டாலும்
வந்தவர் இருந்தார்.
காய்ச்சல் மட்டும் இல்லை.

வந்த அன்று அதன் இரு முனைகளும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்று.
அப்புறம் ஒவ்வொன்றும் தன் போக்கில் தேயும்.
எத்தனை எழுத்து மாறியிருக்கிறதென்று எண்ணினால்
குடிவந்த வருடம் தோராயமாகத் தெரியும்.
ஐந்தாம் குரோமோசோமில் ஒன்றை எண்ணினேன்.
தோராயம் என்றால் எங்கள் துறையில்
சில லட்சம் வருடம் முன்பின்.

ஆய்வேட்டுக்குத் தமிழ்ச் சுருக்கம் கட்டாயம்.
அகராதி 'செருகல்' என்றது.
விலாவில் கத்திபோல் இருந்தது எனக்கு.
'ஆக்கிரமிப்பு' என்று எழுதினேன்.
மகிழ்மதி மேடம் பச்சை மையில் டிக் அடித்தார்.

மறு மாதிரிக்குப் போன அன்று
தேசப்பன் ஒரு தாளை நீட்டினார்.
"படிச்சு சொல்லும்மா, கண்ணாடி வூட்டுல கீது."
லாயத்துக்கும் ஒட்டிய வீட்டுக்கும் ஒரே நோட்டீஸ்.
பதினைந்து நாள்.
மூன்றாவது வரியில் என் சொல்.
அதே க், அதே ப்.

"எப்போ வந்தீங்க இங்க?"
"யாருக்குத் தெரியும். எங்கப்பன் கட்டுமரம்
அங்க கெடந்துச்சு"
போலீஸ் பூத்தைக் காட்டினார்.
கணக்குப் போட முனைகள் இல்லை.

சத்தமாகப் படித்தேன்.
அந்தச் சொல் வந்தபோது இருமினேன்.
கிருமி வேறு, மனிதர் வேறு,
அது எனக்குத் தெரியும்.
ஆனாலும் சொல் ஒன்றுதானே கிடந்தது அங்கே,
இரண்டு தாளிலும்.

அவர் நோட்டீஸை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
சவாரிக்கு ஒரு குடும்பம் வந்து நின்றது.
விழுந்து கிடந்த சாமந்தியை எடுத்து,
மண்ணை ஊதி,
செல்லக்கிளியின் நெற்றிப் பட்டையில் செருகினார்.

இரவு கோப்பைத் திறந்தேன்.
பதினோரு இடம்.
ஒவ்வொன்றாக அழித்து 'செருகல்' என்று அடித்தேன்.
கத்தியும் செருகுவார்கள்தான். இருக்கட்டும்.

மேடம் கேட்டார், ஏன் மாற்றினாய்?
"இன்னும் ஒன்பது நாள்தான் மேடம்."
"சமர்ப்பிக்கவா?
அதற்கு ஒரு மாதம் இருக்கிறதே" என்றார்.