ஓடும் வரி

டிசம்பர் வந்தால் ஏற்காட்டில் எனக்குத்தான் விரல் வலி.
உள்ளூர் கேபிளில் படத்துக்குக் கீழே
வலமிருந்து இடமாக ஓடுகிற வரியை அடிப்பவள் நான்.
ஒரு வரி, ஒரு நாள், நாற்பது ரூபாய்.
சாவுச் செய்திக்குக் காசு வாங்குவதில்லை,
முதலாளி சாந்தப்பனின் அப்பா காலத்து ஏற்பாடு அது.

ஒண்டிக்கடை மாடியில் அறை.
மூடுபனி சன்னலேறி வந்து கீபோர்டில் உட்காரும்.
ள ஒட்டிக்கொள்ளும்.
மாதம் முழுக்க இந்த ஊரில் குள்ளிர்தான்.

பதினான்காம் வளைவில் பாறை சரிந்துள்ளது,
பேருந்துகள் குப்பனூர் வழி.
நாகலூர் எஸ்டேட்டில் காப்பி பறிக்க ஆட்கள் தேவை,
மதியச் சோறு உண்டு.
புதன்கிழமை மின்தடை, ஒன்பது முதல் ஐந்து.
கேரல் குழு இன்று வாழவந்தி, நாளை மஞ்சக்குட்டை,
வழியில் காட்டெருமை நின்றால் நாளை மறுநாள்.

கடைசி வாக்கியம் எட்வினா டீச்சர் சேர்க்கச் சொன்னது.
போன வருஷம் ஒரு எருமை ரோட்டை மறித்து நிற்க
ஜீப்புக்குள்ளிருந்தே நாலு பாட்டையும் பாடி முடித்தார்களாம்.
அது ஐந்தாவதுக்கும் காத்திருந்ததாம்.

குடில் போட்டி என்று அடிக்க வேண்டியது.
ஒரு கொக்கி விட்டுப்போனது.
குடல் போட்டி.
சிறந்த குடலுக்கு முதல் பரிசு பிரஷர் குக்கர்.
நடுவர்கள் வீடு வீடாக வந்து பார்வையிடுவார்கள்.
ஆறு மணி நேரம் ஓடியது.
ஊரே பார்த்தது, ஒருத்தரும் சொல்லவில்லை.
கறிக்கடை மொய்தீன் பாய் மட்டும் படியேறி வந்து
"எத்தனை கிலோம்மா வேணும்?" என்றார்,
முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

அடுத்தது செம்மடுவிலிருந்து வெள்ளையன் போன்.
அவர் கொடுத்த வரிதான் அதற்குப் பின்னால் ஓடியது:
கறுப்பு ஆடு காணவில்லை, இடது காது கிள்ளியது,
கழுத்தில் நீலக் கயிறு.
"முன்னாடி குடலுங்கறீங்க, பின்னாடி என் ஆடுங்கறீங்க,
இது என்னங்க கணக்கு?"

இருபத்துமூன்றாம் தேதி விடியலில் தனிஸ்லாஸ் போனார்.
கேரல் குழுவுக்கு ஜீப் ஓட்டியவர்.
எருமையைப் பார்த்து ஹாரன் அடிக்காதவர்.
மகள் பாக்கியமேரி போட்டோவும் வரியும் கொண்டுவந்தாள்.
இறைவனடி சேர்ந்தார். அடக்கம் நாளை பகல் மூன்று மணி.
படியிறங்கப் போனவள் திரும்பி வந்தாள்.
"அக்கா, வாழ்த்துக்கு ஒட்டினாப்ல வேண்டாம்."

வாழ்த்துகள் பதினொன்று இருந்தன.
நகைக்கடை, பேக்கரி, இரண்டு கட்சி, ஒரு பல் டாக்டர்.
எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி முன்னால் தள்ளினேன்.
பிறகு ஆடு.
பிறகு தனிஸ்லாஸ்.
ஆனால் ஓடும் வரி வட்டமல்லவா,
முடிந்த இடத்தில் நகைக்கடை வந்து முட்டுகிறது.
அங்கே மின்தடையை வைத்தேன்.
மின்தடைக்கும் ஆட்டுக்கும் நடுவே
அவர் பெயர் யார் மீதும் இடிக்காமல் போய் வந்தது.

மறுநாள் காலை வெள்ளையன் மறுபடி.
"ஆடு முந்தாநேத்தே தானா வந்துருச்சுங்க.
வரியை எடுத்துப்போடுங்க.
கறுப்பா எது கண்ணுல பட்டாலும் புடிச்சாந்து கட்டிப்புட்டுப் போறானுவ,
இப்ப வாசல்ல நாலு நிக்குது."

"நாளைக்கு எடுக்கிறேன் அண்ணா, காசு வேண்டாம்.
இன்னிக்கு மட்டும் அது அங்கேயே இருக்கணும்."

"ஏன்?"

சொன்னேன்.
பக்கத்தில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.
"ஜீப்பு தனிஸ்லாஸா," என்றார்.
"என்னைய ஒருக்கா அடிவாரத்துல இருந்து
ஆட்டோட ஏத்தியாந்தாருங்க."

அப்புறம்,
"ஓடட்டும்ங்க."

போனில் பின்னாலிருந்து ஓர் ஆடு கத்தியது.
அவருடையதா என்று கேட்கவில்லை.